நூறு பேரிடம் கேட்டுவிட்டால் கை ஸ்கொயர் போடலாமா?

கோவையில் எம்.ஏ. சமூகவியல் படிக்கும் ஒரு மாணவியின் கேள்வி இது. பிளஸ் டூவில் வரலாறு எடுத்தவர். கணக்கைப் பத்தாம் வகுப்போடு விட்டுவிட்டார். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் உள்ளூர்க்காரர்களையும் வடமாநிலத்தவரையும் ஒப்பிட்டு ப்ராஜெக்ட் செய்கிறார். கைடு “நூறு சாம்பிள் எடு, கை ஸ்கொயர் போடு” என்று சொல்லிவிட்டாராம். ஏன் நூறு, கை ஸ்கொயர் (chi-square) என்ற அந்தப் புள்ளியியல் சோதனை என்றால் என்ன, புள்ளியியலை எங்கிருந்து படிக்க ஆரம்பிப்பது என்று கேட்டிருக்கிறார்.

அம்மணி, கலைப் பிரிவுப் பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தை முப்பது வருஷத்துக்குப் பக்கமாக நடத்தியவன் நான். எல்லோரும் பயப்படுவது சூத்திரத்துக்குத்தான். ஆனால் நான் திருத்திய ப்ராஜெக்ட்டுகளில் சூத்திரம் தப்பாகப் போட்டவை கைவிரல் எண்ணிக்கைதான் இருக்கும். மற்றவையெல்லாம் அதற்கு முன்னாலேயே, கேள்வித்தாளோடு தெருவில் இறங்கிய அன்றே கெட்டுப்போனவை. கை ஸ்கொயரை எக்செல் ஒரு நொடியில் போட்டுக் கொடுத்துவிடும். யாரைக் கேட்டீர்கள், யார் விட்டுப்போனார்கள் என்பது அதற்குத் தெரியாது. அதனால் முதலில் அதைப் பேசிவிட்டு, கணக்குக்கு அப்புறம் வருகிறேன்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் ஆட்கள் சொல்வது முழுக்க முழுக்கப் புள்ளியியல்தான். பானை சிறிதா பெரிதா என்பது முக்கியமில்லை. வீட்டுப் பானைக்கும் கல்யாண அண்டாவுக்கும் பதம் பார்க்க ஏறத்தாழ அதே அளவு சோறு போதும். ஆனால் அந்தப் பழமொழிக்குள் சொல்லாமல் விட்ட நிபந்தனை ஒன்று இருக்கிறது: பானைக்குள் எல்லாமே ஒரே மாதிரி வெந்திருக்க வேண்டும், அல்லது நன்றாகக் கிளறிவிட்டு எடுக்க வேண்டும். நம் பக்கம் அரிசியையும் பருப்பையும் சேர்த்து வேகவைத்துச் செய்கிற அரிசிம்பருப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு சோற்றை எடுத்து நசுக்கினால் அரிசி வெந்தது தெரியும். பருப்பு வெந்ததா என்று தெரியாது. அதற்குப் பருப்பைத் தனியாக எடுத்து நசுக்க வேண்டும். திருப்பூரும் அரிசிம்பருப்புதான். உள்ளூர்க்காரர், மதுரை தேனிப் பக்கமிருந்து வந்து குடியேறியவர், ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர் என்று ஒவ்வொரு பிரிவிலிருந்தும் தனித்தனியாக எடுத்தால்தான் உங்கள் கேள்விக்குப் பதில் வரும். பாடப்புத்தகத்தில் இதற்குப் படுகை முறை மாதிரி என்று பெயர். ஈரோட்டு மஞ்சள் மண்டிக்குப் பாடப்புத்தகம் தேவைப்படவில்லை. விரலிக்கு ஒரு விலை, கிழங்குக்கு ஒரு விலை என்று அங்கே முதலிலேயே பிரித்துவிடுவார்கள். இரண்டையும் கலந்து சராசரி விலை என்று சொன்னால் வாங்குகிறவருக்கும் உதவாது, விற்கிறவருக்கும் உதவாது.

இனி உங்கள் நூறு பேர். பெரும்பாலான பிள்ளைகள் செய்வது என்ன? சாயங்காலம் கம்பெனி கேட்டுக்கு எதிரே நின்று, வெளியே வருகிறவர்களில் சிரித்த முகமாகத் தெரிகிறவரை நிறுத்திக் கேட்பது. இதில் யார் யார் விட்டுப்போவார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறவர் இரவு எட்டரைக்குத்தான் வருவார். கம்பெனி வேனில் ஏறிப் போகிறவர் நிற்கமாட்டார். ஹாஸ்டலில் இருக்கும் பெண் பிள்ளைகள் கேட்டைத் தாண்டியே வரமாட்டார்கள். தமிழ் தெரியாதவர் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். யாருக்கு வேலைச்சுமை அதிகமோ அவர்தான் உங்கள் கையில் சிக்காதவர். பிறகு “திருப்பூரில் பெரும்பாலானோர் வேலை நேரத்தில் திருப்தி” என்று ரிப்போர்ட் எழுதினால் அது திருப்பூரைப் பற்றிய செய்தி ஆகாது. ஆறு மணிக்கு வெளியே வர முடிந்தவர்களைப் பற்றிய செய்திதான்.

ஆயிரம் பேரிடம் கேட்டால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் 1936 தேர்தலின்போது லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்குத் தபால் அனுப்பியது. 23 லட்சத்துக்கு மேல் பதில் வந்தது. ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் ஜெயிப்பார் என்று எழுதினார்கள். ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ வாரிக்கொண்டு போனார். காரணங்களில் ஒன்று, முகவரிகளைப் பெரும்பாலும் டெலிபோன், கார் வைத்திருப்போர் பட்டியல்களிலிருந்து எடுத்தது. அந்தப் பொருளாதார மந்தக் காலத்தில் டெலிபோன் வைத்திருந்தவர் யார்? இன்னொரு காரணம், தபால் போனவர்களில் நாலில் மூன்று பங்குக்கு மேல் பதிலே போடவில்லை. அதே தேர்தலில் ஜார்ஜ் கேலப் என்ற கருத்துக்கணிப்பாளர் அதைவிட மிகச் சிறிய சாம்பிளை வைத்துக்கொண்டு ரூஸ்வெல்ட் என்று சரியாகச் சொன்னார். இன்றைக்கு வாட்ஸப் குரூப்பில் கூகுள் ஃபார்ம் லிங்க்கைப் போட்டுவிட்டு “300 ரெஸ்பான்ஸ் வந்துவிட்டது சார்” என்று வந்து நிற்கிறார்களே, அது அந்தப் பத்திரிகையின் பேரப்பிள்ளை.

நானும் இதில் விழுந்து எழுந்தவன்தான். 2012 வாக்கில் மின்வெட்டு கடுமையாக இருந்தபோது சோமனூர்ப் பக்கம் விசைத்தறித் தொழிலாளரிடம் சர்வே எடுக்க மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போனேன். தறி ஓடும்போது எவரும் பேச முடியாது. சத்தத்தில் காதே கேட்காது. கரண்ட் போனால் எல்லோரும் டீக்கடைக்கு வந்துவிடுவார்கள். நல்ல யோசனை என்று மின்வெட்டு நேரத்தைப் பார்த்துப் பார்த்துப் போய் மூன்று நாளில் நூற்றுச் சொச்சம் பேரை முடித்துவிட்டோம். “தொழில் எப்படி இருக்கிறது?” என்ற கேள்விக்கு ஏறக்குறைய எல்லோரும் “மோசம்” என்றார்கள். இரவு உட்கார்ந்து தாள்களைப் புரட்டும்போதுதான் உறைத்தது. கரண்ட் இல்லாமல் கூலி போய்க்கொண்டிருக்கிற நேரத்தில் ஒரு மனிதனிடம் தொழில் எப்படி என்று கேட்டால் வேறு என்ன சொல்வான்? ஆளைச் சரியாகப் பிடித்தோம், நேரத்தைத் தப்பாகப் பிடித்தோம். அந்தக் கேள்வியை மட்டும் தூக்கிப்போட்டோம்.

அப்படியானால் எப்படித்தான் எடுப்பது? லைன் வீடுகள் இருக்கிற நாலைந்து தெருக்களைத் தேர்ந்துகொள்ளுங்கள். கதவுகளை எண்ணுங்கள். 350 கதவு இருந்து 50 வேண்டுமென்றால் ஏழுக்கு ஒன்று. ஒன்றிலிருந்து ஏழுக்குள் சீட்டுக் குலுக்கி எந்த எண் வருகிறதோ அதிலிருந்து தொடங்கி ஒவ்வொரு ஏழாவது கதவையும் தட்டுங்கள். ஓர் அறையில் ஆறு பேர் இருந்தால் அங்கேயும் சீட்டுத்தான். யார் முன்னால் வந்து பேசுகிறாரோ அவரே போதும் என்று விட்டுவிடாதீர்கள். ஹிந்தி, தமிழ் இரண்டும் தெரிந்த ஒருவர்தான் எப்போதும் முன்னால் வருவார். பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டுக்குத் தாவாமல் மறுபடி போங்கள். இதெல்லாம் முடியவில்லை, கிடைத்தவரிடம்தான் கேட்டேன் என்றால் அதையும் ரிப்போர்ட்டில் அப்படியே எழுதிவிடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மறைப்பதுதான் தப்பு.

நூறு என்ற எண்ணுக்கு வருகிறேன். அதில் மந்திரம் எதுவும் இல்லை. சீட்டுக் குலுக்கி எடுத்த சாம்பிளில் ஒரு சதவீதத்தைக் கணக்கிட்டால் அது கூடக்குறைய எவ்வளவு தள்ளிப்போகலாம் என்பதற்குக் குத்துமதிப்பான வழி ஒன்று உண்டு: ஒன்றை, சாம்பிள் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுங்கள். 100 பேர் என்றால் பத்து சதவீதப் புள்ளி இப்படியும் அப்படியும். 400 பேர் என்றால் ஐந்து. பிழையைப் பாதியாக்க ஆளை நான்கு மடங்காக்க வேண்டும். உங்களுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நூறு பேரை உள்ளூர் ஐம்பது, வெளிமாநிலம் ஐம்பது என்று பிரித்து ஒப்பிடப் போகிறீர்கள். அப்போது இரண்டு பக்கமும் பிழை சேர்ந்துகொண்டு, இருபது புள்ளிக்குக் குறைந்த வித்தியாசத்தை நம்பிக்கையோடு சொல்ல முடியாமல் போகும். கைடிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். 200 ஆக்கச் சொன்னால் அலுத்துக்கொள்ளாதீர்கள்.

இனி கணக்கு. சராசரியில் தொடங்கலாம். பத்துப் பேர் இருக்கிற ஒரு சின்ன யூனிட் என்று வைத்துக்கொள்வோம் (எண்கள் உதாரணத்துக்கு நான் போட்டவை). வாரத்துக்குக் கைக்கு வருவது ஒன்பது பேருக்கு 3,000, 3,200, 3,500, 3,500, 3,800, 4,000, 4,200, 4,500, 4,800 ரூபாய். பத்தாவது ஆள் முதலாளி, 40,000. கூட்டிப் பத்தால் வகுத்தால் சராசரி 7,450. அந்தத் தொகையைத் தொட்டவர் அங்கே முதலாளியைத் தவிர ஒருவரும் இல்லை. வரிசைப்படுத்தி நடுவில் பார்த்தால் 3,800-க்கும் 4,000-க்கும் இடையில், அதாவது 3,900. இதுதான் இடைநிலை அளவு. வருமானம், நிலம், கடன் போன்ற ஒருபக்கம் வால் நீண்ட விஷயங்களில் இடைநிலையை எழுதுங்கள். சராசரியே மோசம் என்று சொல்லவில்லை. மொத்தச் சம்பளச் செலவு எவ்வளவு என்று தெரிய வேண்டுமென்றால் சராசரியை ஆட்களின் எண்ணிக்கையால் பெருக்கினால்தான் வரும். இடைநிலையைப் பெருக்கினால் வராது. முகடு என்று மூன்றாவது ஒன்று உண்டு, அதிகம் திரும்ப வருகிற எண். பனியன் கம்பெனிக்காரருக்கு அது நன்றாகவே தெரியும். சராசரி சைஸ் 87.3 என்று நாம் கண்டுபிடித்துச் சொன்னால் சிரிப்பார். 85 இருக்கிறது, 90 இருக்கிறது, நடுவில் பனியனே கிடையாது.

சராசரியைவிட எனக்குப் பிடித்தது திட்டவிலக்கம். பிள்ளைகள் மிகவும் வெறுப்பதும் அதைத்தான். மாதச் சம்பளக்காரர் ஒருவருக்கு வாரக் கணக்கில் பார்த்தால் எப்போதும் 4,000. பீஸ் ரேட்டில் தைக்கிற இன்னொருவருக்கு ஐந்து வாரத்தில் 6,000, 2,000, 5,500, 2,500, 4,000. இருவருக்கும் சராசரி 4,000 தான். ஆனால் இரண்டாமவர் வீட்டில்தான் ஆர்டர் இல்லாத வாரம் மளிகைக் கடையில் கடன் சொல்கிறார்கள். அந்த ஏற்ற இறக்கத்தை ஒரே எண்ணில் சொல்வதுதான் திட்டவிலக்கம். சராசரியிலிருந்து ஒவ்வொரு வாரமும் எவ்வளவு தள்ளி இருக்கிறது: 2,000, −2,000, 1,500, −1,500, 0. அப்படியே கூட்டினால் பூஜ்யம் வந்து ஏமாற்றும். அதனால் வர்க்கப்படுத்திக் கூட்டுகிறோம், 1,25,00,000. ஐந்தால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் ஏறக்குறைய 1,581 ரூபாய். எக்செல்லில் போட்டால் 1,768 என்று வரலாம். பயந்துவிடாதீர்கள், அது ஐந்துக்குப் பதில் நான்கால் வகுத்திருக்கும். கையில் இருக்கிற ஐந்து வாரம் சாம்பிள்தான் என்பதாலும், அந்த ஐந்தின் சொந்தச் சராசரியிலிருந்தே அளப்பதால் விலகல் கொஞ்சம் குறைவாகத் தெரியும் என்பதாலும் அந்தச் சின்னத் திருத்தம். முதல் தொழிலாளிக்குத் திட்டவிலக்கம் பூஜ்யம். ஒரே சராசரி, இரண்டு வாழ்க்கை.

ஓர் எச்சரிக்கையையும் சொல்லிவிடுகிறேன். கேள்வித்தாளில் திருமணம் ஆகாதவர் 1, ஆனவர் 2, துணையை இழந்தவர் 3 என்று குறியீடு போடுவீர்கள். எஸ்.பி.எஸ்.எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளிடம் சராசரி கேட்டால் வாயை மூடிக்கொண்டு 1.7 என்று கொடுத்துவிடும். ஒருமுறை வைவாவில் ஒரு பையன் “சராசரி மதம் 1.3” என்று டேபிள் போட்டுக்கொண்டு வந்தான். வெளித்தேர்வாளர் சிரிக்காமல் “அது எந்தக் கோயில் தம்பி?” என்று கேட்டார். அந்த எண்கள் வெறும் பெயர்கள். அவற்றுக்கு எத்தனை பேர், எத்தனை சதவீதம் என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அப்படிப்பட்ட பெயர்களை ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பதற்குத்தான் கை ஸ்கொயர்.

உங்கள் கேள்வி இப்படி என்று வைப்போம்: பி.எஃப். பிடித்தம் இருக்கிறதா? உள்ளூர் ஐம்பது பேரில் ஆம் என்றவர் 30, இல்லை என்றவர் 20. வெளிமாநிலத்தவர் ஐம்பதில் ஆம் 20, இல்லை 30. (இதுவும் கற்பனை எண்தான்.) ஊருக்கும் பி.எஃப்.புக்கும் சம்பந்தமே இல்லை என்றால் ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பேர் இருந்திருக்க வேண்டும்? மொத்தத்தில் பாதிப் பேருக்கு இருக்கிறது, எனவே நான்கு கட்டத்திலும் 25. நம்மிடம் வந்தது ஒவ்வொன்றிலும் 5 தள்ளி. அந்த 5-ஐ வர்க்கப்படுத்தி 25-ஆல் வகுத்தால் 1. நான்கு கட்டத்துக்கும் சேர்த்து 4. அவ்வளவுதான் கை ஸ்கொயர்: எதிர்பார்த்ததற்கும் வந்ததற்கும் உள்ள தூரம். இரண்டுக்கு இரண்டு அட்டவணையில் இந்தத் தூரம் 3.84-ஐத் தாண்டினால், சம்பந்தமே இல்லாத ஊரில் வெறும் சீட்டுக் குலுக்கலால் இவ்வளவு தூரம் வருவது நூற்றில் ஐந்து தடவைக்கும் குறைவு என்று அர்த்தம். நமக்கு வந்தது 4. தாண்டிவிட்டோம்.

குதிக்க வேண்டாம். உள்ளூர்க்காரரில் ஒரே ஒருவர் ஆம் என்பதை இல்லை என்று மாற்றிச் சொல்லியிருந்தால், 30 என்பது 29 ஆகியிருந்தால், கை ஸ்கொயர் 3.24. கோட்டுக்குக் கீழே. ஒரு ஆளின் ஞாபகமறதியில் உங்கள் முடிவு தலைகீழாகிறது. அதனால்தான் நூற்றில் ஐந்து, அதாவது 0.05 என்ற கோட்டைச் சாமி கும்பிடுகிற மாதிரி கும்பிடக்கூடாது என்கிறேன். இன்னொன்று: இதே 60க்கு 40 வித்தியாசம் பக்கத்துக்குப் பத்துப் பேரில் வந்திருந்தால் கை ஸ்கொயர் 0.8. பக்கத்துக்கு 500 பேரில் வந்திருந்தால் 40. வித்தியாசம் அதே இருபது புள்ளிதான். மாறியது ஆள் எண்ணிக்கை. ஆக, கை ஸ்கொயர் பெரிதாக வந்தால் உறவு வலுவானது என்று எழுதாதீர்கள். முதலில் சதவீதத்தை எழுதுங்கள், கை ஸ்கொயரைப் பிறகு எழுதுங்கள். ஒரு கட்டத்தில் எதிர்பார்ப்பு எண் 5-க்குக் கீழே போனால் இந்தச் சோதனையை நம்ப வேண்டாம் என்பது வழக்கம்.

நூற்றில் இத்தனை தடவை என்று சொன்னேனே, அந்த வாய்ப்புக் கணக்குக்குத்தான் பி வேல்யூ என்று பெயர். அதை விளக்க டீ வாசனையோடு ஒரு கதை உண்டு. 1920களில் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் ரொனால்ட் ஃபிஷர் என்ற புள்ளியியலாளர் வேலை பார்த்தார். அங்கே பாசிகளை ஆராய்ந்த மியூரியல் பிரிஸ்டல் என்ற அம்மையார், கோப்பையில் பால் முதலில் ஊற்றினார்களா டீ முதலில் ஊற்றினார்களா என்பதைக் குடித்துப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்றார். நம் பேக்கரி மாஸ்டரிடம் சொன்னால் “ஆமாங்க, அது தெரியாதுங்களா” என்பார். ஃபிஷர் அதைச் சோதனையாக்கினார். எட்டுக் கோப்பை, நாலில் பால் முதலில், நாலில் டீ முதலில், முன்பின் கலைத்து வைப்பது. எட்டில் நாலைத் தேர்ந்தெடுக்க 70 வழி இருக்கிறது. நாக்கு ஒன்றும் அறியாதவர் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் சரியாகச் சொல்ல 70-இல் ஒரு வாய்ப்புத்தான், 1.4 சதவீதம். ஆனால் பால் முதலில் என்று அவர் காட்டிய நாலில் ஒன்று தப்பினால்? அந்த அளவுக்கோ அதைவிட நன்றாகவோ குருட்டாம்போக்கில் சொல்ல 70-இல் 17 வாய்ப்பு, கிட்டத்தட்ட 24 சதவீதம். நம்ப முடியாது. கவனியுங்கள், அந்த 1.4 என்பது “அம்மையாருக்குத் திறமை இல்லாதிருக்க வாய்ப்பு” அல்ல. திறமையே இல்லை என்று வைத்துக்கொண்டால் இப்படி நடக்க எவ்வளவு வாய்ப்பு என்பதுதான். நூற்றுக்குத் தொண்ணூறு ப்ராஜெக்ட்டில் இது தலைகீழாக எழுதப்பட்டிருக்கும். ஃபிஷர் கோப்பைகளைக் கலைத்து வைத்ததால்தான் அந்த 70 என்ற கணக்கே செல்லும். கேட்டுக்கு எதிரே சிரித்த முகங்களாகப் பொறுக்கிய நூறு பேருக்கு பி வேல்யூ போட்டால் எண் வரும். அதற்கு அர்த்தம் சொல்வது கஷ்டம்.

உங்கள் தலைப்புக்கு நேராகத் தொடர்புள்ள ஒரு பொறியையும் காட்டிவிடுகிறேன். 1950-இல் ராபின்சன் என்ற சமூகவியலாளர் அமெரிக்காவின் 1930 மக்கள்தொகைக் கணக்கை எடுத்துப் பார்த்தார். வெளிநாட்டில் பிறந்தவர் அதிகமாக இருக்கும் மாநிலங்களில் எழுத்தறிவின்மை குறைவாக இருந்தது. அப்படியானால் வந்தேறியவர் நன்றாகப் படித்தவரா? ஆள் ஆளாகப் பார்த்தால் நேர்மாறு: வெளிநாட்டில் பிறந்தவரிடம் எழுத்தறிவின்மை சற்று அதிகம். உள்ளூர்க்காரர் நன்றாகப் படித்திருந்த மாநிலங்களாகப் பார்த்து அவர்கள் குடியேறியிருந்தார்கள், அவ்வளவுதான். நாளைக்கு நீங்கள் மாவட்ட வாரியாக டேபிள் போட்டு, வடமாநிலத்தவர் அதிகம் உள்ள மாவட்டங்களில் கூலி அதிகம் என்று கண்டால், அவர்கள் அதிகம் சம்பாதிக்கிறார்கள் என்று எழுதிவிடாதீர்கள். கூலி இருக்கிற ஊரைத் தேடித்தானே ஆள் வருகிறது. மாவட்டத்தைப் பற்றிய உண்மை மனிதரைப் பற்றிய உண்மை ஆகாது.

படிக்கிற வரிசை கேட்டீர்கள். நான் மேலே எழுதியிருப்பதே வரிசைதான். ஒட்டுறவு (இரண்டு அளவுகள் சேர்ந்து ஏறி இறங்குகின்றனவா என்பது), தொடர்புப் போக்கு (ஒன்றை வைத்து இன்னொன்றைக் கணிப்பது) எல்லாம் உங்கள் ப்ராஜெக்ட்டுக்கு இப்போது தேவையில்லை.

நூறு பேரிடம் போவதற்கு முன்னால் பத்துப் பேரிடம் மட்டும் கேள்வித்தாளைச் சோதித்துப் பாருங்கள். நம் நாட்டில் பெரிய மாதிரி ஆய்வுகளுக்கு வழிபோட்ட மகலனோபிஸ், வங்காளத்துச் சணல் நிலங்களை அளந்த காலத்திலேயே முன்னோட்டம் பார்க்காமல் முழு சர்வேயில் இறங்கியவர் அல்ல. உங்கள் தாளில் “மாத வருமானம்” என்று ஒரு கேள்வி இருக்கும் என்று நினைக்கிறேன். அதை அடித்துவிடுங்கள். சனிக்கிழமை வாரக்கூலி வாங்குகிறவரிடம் மாதம் கேட்டால், நாலால் பெருக்கி ஒருவர் சொல்வார், அட்வான்ஸ் கழித்து ஒருவர் சொல்வார், ஓவர்டைம் சேர்த்து ஒருவர் சொல்வார். “போன சனிக்கிழமை கையில் எவ்வளவு வந்தது? அதில் என்னென்ன பிடித்தார்கள்?” என்று கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் போகாதீர்கள்; துணி துவைக்கிற, கறி எடுக்கப் போகிற நேரம். மத்தியானம் சாப்பிட்டு எழுந்தபின், மூன்று மணிக்கு மேல் போனால் உட்காரப் பாய் போட்டுப் பேசுவார்கள்.